டைனமோ கிருபா அடைத்துவிட்ட குழாய்

கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இறங்கி, டைனமோ கிருபா கடை எது என்று யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கிருபாகரன் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற அந்த உருண்டைச் சாமானுக்குப் பெட்டியில் ஆல்டர்நேட்டர் என்று அச்சடித்திருக்கும்; ரோட்டில் அதற்கு டைனமோ என்றுதான் பெயர். லாரியோ வேனோ டிராக்டரோ, ஓடுகிற டைனமோவுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்தே எதில் கோளாறு என்று கிருபாகரன் சொல்லிவிடுவான். நாற்பத்தாறு வயதில் இருபத்தைந்து வருஷம் அந்தச் சாமானோடு போய்விட்டது. பெயர் ஒன்றும் சும்மா வந்ததில்லை.

அந்தப் பெயர்மேல் அவனுக்கு இருந்த ஆசையைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் அறுப்பும் நடவுமாக முதுகு வளைந்தவர்கள். சம்பந்தமில்லாத சின்னப் பையன்கூட அப்பாவை 'ஏய்' என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவன் இவன். மதுராந்தகத்தில் ஒரு ரீவைண்டிங் கடையில் செப்புக் கம்பி சுற்றப் பழகி, அங்கிருந்து சொந்தக் கடை போட்டு, தெருவிலேயே முதல் ஆளாகத் தன் பெயரில் போர்டு மாட்டினான். பெரிய கார்க்காரர்கள் இறங்கிவந்து, "அண்ணாத்த, கொஞ்சம் இன்னான்னு பாருங்க" என்று சொல்லும்போது அவனுக்கு முதுகு தானாக நிமிரும். நிமிர்ந்த முதுகை மறுபடி வளைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் 'தெரியாது' என்ற சொல்லை வாயிலிருந்தே எடுத்துவிட்டான்.

ஆனால் தெரியாதது ஒன்று இருந்தது. வண்டிகளோடே வாழ்ந்த அந்த மனுஷனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இருபத்திரண்டு வயதில் ஒருமுறை ரிப்பேருக்கு வந்த வேனை நகர்த்தப்போய்ப் பக்கத்துப் பெட்டிக்கடையில் இடித்துவிட்டான். வேன்காரர் கோபத்தில் அடித்திருந்தால்கூட மறந்திருப்பான். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க ஆளுங்களுக்கெல்லாம் எதுக்குடா ஸ்டியரிங்கு" என்றார். அதோடு சரி. டூவீலரைத் தவிர எதையும் தொடவில்லை. தொடாததற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தான். வேலை முடிந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, முகப்பு விளக்கைப் போட்டு, ஹாரனை ஒருமுறை அடிப்பான். விளக்கு மங்காமல் நின்றால், "ஆச்சு, எடுத்துக்க" என்பான். யாராவது ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கச் சொன்னால், "ட்ரையல் பாக்கறது மெக்கானிக் வேல. நான் கரண்ட்டுக்காரன்" என்பான். பெரிய கைகளுக்கு இப்படி ஒரு மிடுக்கு இருக்கும்போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவனும் நினைக்க விட்டுவிட்டான்.

சதுரங்கப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிற அமானுல்லா பாயிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும். மற்ற வண்டிகள் முழங்கால் மட்டும் புதைகிற கடற்கரை மணலில், ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு படகு வரைக்கும் போய்த் திரும்பிவரும். அதை வரதன் என்பவன் ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல ஓட்டுநர். முன்பு குடித்துக்கொண்டிருந்தவன், எட்டு மாதமாகத் தொடுவதில்லை. அவன் மனைவி அன்பரசி ஒவ்வொரு மாதமும் காலண்டரில் ஒரு கோடு போட்டுவந்தாள் என்று பிளாண்டில் கிண்டலாகச் சொல்லிக்கொள்வார்கள்.

மாசி மாதம் ஜீப்பின் டைனமோ போய்விட்டது. பாய் போன் போட்டதும் கிருபாகரன் தன் பைக்கில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக அங்கே போனான். கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாம் கரி. ரிப்பேருக்கு ஆகாது, வேறு போட்டாக வேண்டும். அந்த ஜீப்பின் டைனமோ மற்றதுபோல இல்லை. அதன் பின்பக்கத்தில் ஒரு சின்ன பம்ப் ஒட்டியிருக்கும். டைனமோ சுற்றும்போது அதுவும் சுற்றிக் காற்றை இழுக்கும். அந்த இழுப்பு ஒரு ரப்பர்க் குழாய் வழியாகப் பிரேக்குக்குப் போய், மிதிக்கிற காலுக்குப் பலம் கொடுக்கும். கிருபாகரனுக்கு இது தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும்.

அவன் பையில் கொண்டுபோயிருந்தது ஒரு லோடு வேனின் டைனமோ. இன்ஜினோடு சேர்த்து மாட்டுகிற காது பொருந்தியது, புல்லி பொருந்தியது, பெல்ட் இழுத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. பின்னால் பம்ப் மட்டும் இல்லை. மறுநாள் காலை படகுகள் கரைக்கு வருகின்றன, ஐஸ் இறங்கியே ஆக வேண்டும் என்று பாய் நின்றுகொண்டிருந்தார். கிருபாகரன் அதையே மாட்டினான். பம்ப்புக்கு வரவேண்டிய ஆயில் குழாயும் காற்றுக் குழாயும் அநாதையாகத் தொங்கின. குழாய்க்கொரு போல்ட்டைச் சொருகி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே தன் வழக்கப்படி பச்சை டேப் சுற்றினான். பிரேக் கொஞ்சம் கட்டியாக இருக்கும், ரெண்டு நாளில் சரியான சாமானைத் தேடி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவன் காலுக்குத் தெரியாது.

வரதனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். வரதன் உள்ளே ஐஸ் உடைக்கிற இடத்தில் இருந்தான். அதற்குள் முகப்பு விளக்கு பளீரென்று எரிய, பாய் நாலு படகுக்காரர்களைக் கூப்பிட்டு, "பாத்தீங்களாப்பா, ஒரே மணி நேரம். கிருபா கை வெச்சா அவ்ளோதான்" என்றார். அந்த நாலு பேர் முன்னால், 'ஆனா பாய், பிரேக்கு மட்டும்' என்று ஆரம்பிக்கத் தன் போர்டைத் தானே கழற்றுவதுபோல அவனுக்குக் கூசியது. வீட்டுக்குப் போய் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று பைக்கை எடுத்தான். வீட்டுக்குப் போனான், சாப்பிட்டான், தூங்கிவிட்டான்.

காலை ஆறு பத்துக்கு வரதனே கூப்பிட்டான்.

"அண்ணாத்த, வண்டி பிரேக்கு ரொம்ப கட்டியா கீது. எழுந்து நின்னு மிதிச்சாதான் புடிக்குது. நேத்து நீ எதனா கை வெச்சியா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். "நான் பிரேக்கு பக்கமே போவல" என்றான் கிருபாகரன். "பெல்ட்டு புச்சு. ரெண்டு நாளு ஓடட்டும், எல்லாம் செட்டாயிடும்."

"ஐஸ் ஏத்திக்கினு கரைக்கு எறங்கணும். எடுக்கட்டா?"

"எடு எடு. இதுக்கெல்லாம் போன் பண்ணிக்கினு."

அரைமணி நேரத்தில் ஜீப் கரைச் சரிவில் இறங்கியது. கீழே மீன் கூடைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரதன் பிரேக்கை மிதித்தான், எழுந்து நின்று மிதித்தான், பாரத்தோடு வந்த வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துச் சின்னப் பாலத்தின் சுவரில் கொண்டுபோய் மோதினான். பெண்களுக்கு ஒரு கீறல் இல்லை. வரதனுக்கு இடது முழங்கால் உடைந்தது.

ஓடிவந்தவர்கள் முதலில் கேட்டது, "காலைலயே ஏத்திக்கினியா?" என்றுதான். குடிக்கவில்லை என்று அவன் சொன்னான். பிரேக் கட்டியாக இருந்தது என்றான். "குடிச்ச காலுக்கு எல்லா பிரேக்கும் கட்டிதான்" என்று ஒருவன் சொல்ல, வலியில் கிடந்தவனைச் சுற்றி நின்று சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலும் அவனை ஊதிப் பார்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சந்தேகம் இருந்தால்தானே சோதிப்பார்கள்.

மத்தியானம் அமானுல்லா பாய் கருங்குழிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "காலைல அவன் உனக்கு போன் பண்ணானாமே. நீதான் வண்டிய எடுக்கச் சொன்னியாம்" என்றார்.

கிருபாகரன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பண்ணான் பாய்" என்றான்.

"பேச்சு எப்டி இருந்துச்சு?"

கேள்வியிலேயே ஒரு கதவு திறந்திருந்தது. கிருபாகரன் அதற்குள் நுழைந்துவிட்டான்.

"ஒரு மாதிரி இருந்துச்சு பாய். கொழறினாப்ல."

"அதான பாத்தேன்" என்று பாய் போனை வைத்துவிட்டார்.

வரதனுக்கு வேலை போயிற்று. அன்பரசி ஆஸ்பத்திரிக்கு வந்து, பாய் சொன்னதைக் கேட்டு, நேராகக் கூவத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இதெல்லாம் கிருபாகரன் காதுக்கு ஒவ்வொன்றாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் முழங்கால் போட்டபோது, அவன் வெளியே வந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றான். முழங்கால் என்றாலே அவனுக்கு வேறு ஞாபகம் வந்தது. வீட்டில் லதா சோறு போட்டுவிட்டு, "இன்னாய்யா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். மனைவி முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெயில் என்றான்.

நாலாம் நாள் பாய் மறுபடி கூப்பிட்டார். மோதியதில் டைனமோ நசுங்கிவிட்டது, டிங்கரிங் வேலை நடக்கிறது, வேறொன்று தேடு என்றார். "அதே மாதிரி போடு கிருபா. நல்லா சார்ஜ் ஆச்சு" என்று வேறு சொன்னார்.

அங்கேதான் கிருபாகரன் ஒரு தீர்மானம் செய்தான், அல்லது செய்ததாகத் தன்னை ஏமாற்றிக்கொண்டான். இந்த முறை பம்ப்போடு கூடிய சரியான டைனமோவைக் கண்டுபிடிப்பது. அதை மாட்டி முடித்த கையோடு பாயிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. வெறுங்கையோடு போய்ச் சொன்னால் அசிங்கம், பொருளோடு போய்ச் சொன்னால் பாதி மரியாதையாவது மிஞ்சும். அப்படி நினைத்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கூவத்தூர் எங்கே இருக்கிறது, வரதன் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தீர்மானத்தில் இல்லை.

தேடினான். செங்கல்பட்டில் நாலு கடை ஏறி இறங்கினான். "அந்த மாடலு நின்னே எத்தினி வருஷமாவுது, இப்ப வந்து கேக்கற" என்றார்கள். ஒரு கடையில் பம்ப் வைத்ததே கிடைத்தது. சந்தோஷமாகப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தான். பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றுகிற ரகம். மாட்டினால் விளக்கு எரியும், காற்றை இழுக்காது. இன்னொரு நாள் மெட்ராஸ் போய்ப் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளை அலசினான். சுற்று சரி, பம்ப் சரி, ஆனால் பிராக்கெட்டில் உட்காருகிற காது ஒரு விரற்கடை குட்டை. "ஒரு துண்டு வெச்சு வெல்டு அடிச்சா ஒக்காந்துடும் அண்ணாத்த" என்றார் கடைக்காரர். கிருபாகரன் வேண்டாம் என்றான். இருபத்தைந்து வருஷமாக அரத்தால் ராவியும் வாஷரை அடுக்கியும் எத்தனையோ வண்டியை ஓடவிட்டவன், திடீரென்று அரை மில்லி பிசகக் கூடாது என்கிற சுத்தக்காரன் ஆகிவிட்டான். தேடுகிற வரைக்கும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. அது அவனுக்கே உள்ளூரத் தெரிந்தது. தெரிந்துகொண்டே மறுநாளும் தேடக் கிளம்பினான்.

பத்தாம் நாள் செங்கல்பட்டுக் கடைக்காரர் ஒருவர் ஒரு நம்பர் கொடுத்தார். படூரில் ஒரு அபார்ட்மெண்ட். மார்கரெட் என்கிற அம்மா, கணவர் இறந்தபிறகு அவருடைய ஜீப்பைப் பார்க்கிங்கில் போட்டு வைத்திருந்தார். அதே மாடல். இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று அசோசியேஷனில் நோட்டீஸ் ஒட்டிவிட்டதால், சாமான் சாமானாகக் கொடுத்துவிடலாம் என்று இருந்தார். கிருபாகரன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். காது, புல்லி, சுற்று, பின்பக்கத்துப் பம்ப், எல்லாம் அச்சு அசல். இனித் தேட ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"இது ஓடுற வண்டிங்க. நான் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிடுவேன்" என்று மார்கரெட் சாவியை நீட்டினார். "கழட்டறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டி, சார்ஜ் வருதான்னு பாத்துக்குங்க. அப்புறம் சரியில்லன்னு வரக்கூடாது."

"ட்ரையல் பாக்கறது மெக்கானிக் வேலம்மா. நான் கரண்ட்டு..."

"ஓட்டத் தெரியாதா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். கிருபாகரன் சாவியைப் பார்த்தான்.

"தெரியாதும்மா" என்றான்.

"சரி, நானே ஸ்டார்ட் பண்றேன். நீங்க மீட்டர வெச்சுப் பாருங்க" என்று அவர் ஏறிப்போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான். இருபத்துநாலு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, ஒரு மனுஷி காதில் விழுந்து, ஒன்றுமே ஆகாமல் போய்விட்டது. அதைப் பார்த்து அவனுக்கு நிம்மதி வரவில்லை. இந்த ஒன்றுமில்லாததற்காகவா என்று இன்னும் அவமானமாக இருந்தது.

சார்ஜ் நன்றாக வந்தது. மார்கரெட்டைக் கேட்டுக்கொண்டு, இன்ஜின் ஓடும்போதே கிருபாகரன் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பிரேக்கை மிதித்தான். கால் மெத்தையில் வைத்த மாதிரி இறங்கியது. இறங்கிப்போய்ப் பம்ப்பிலிருந்து வருகிற காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினான். இரண்டு முறை மிதித்து மிச்சமிருந்த இழுப்பைத் தீர்த்தான். மூன்றாவது முறை மிதித்தபோது கால் அப்படியே நின்றுவிட்டது. பல்லைக் கடித்து மிதித்தான். சீட்டை விட்டு எழுந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மொத்த உடம்பையும் போட்டு மிதித்தான். ஒரு விரல் அளவு இறங்கியது. இதை மிதித்துக்கொண்டுதான் வரதன், கீழே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தபடி, ஐஸ் பாரத்தோடு சரிவில் இறங்கியிருக்கிறான். அந்த நிலையிலும் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறான்.

"இன்னா ஆச்சுங்க? வேர்த்துக் கொட்டுது" என்றார் மார்கரெட்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டைனமோவைக் கழற்ற ஆரம்பித்தான்.

மறுநாள் காலை சதுரங்கப்பட்டினம். ஜீப்பின் மூக்கைத் தட்டிக்கொட்டி நேராக்கி வைத்திருந்தார்கள். பானெட்டைத் திறந்தால், இரண்டு குழாயிலும் அவன் சொருகிய போல்ட், மேலே அவன் சுற்றிய பச்சை டேப், போட்டபடியே இருந்தது. பத்து நாளாக எத்தனையோ பேர் அந்த இன்ஜினுக்குள் கைவிட்டிருக்கிறார்கள். டிங்கர் சொன்னான், "அந்தப் பக்கம் நீ பாத்த வேலன்னு நான் தொடவே இல்ல அண்ணாத்த." இத்தனை வருஷம் அவன் சம்பாதித்த பெயர் அவனுடைய திருட்டுக்குக் காவல் நின்றிருக்கிறது. கிருபாகரன் போல்ட்டுகளை டேப்போடு உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை. அப்படியே கிணற்றில் போட்டால் கதை முடிந்துவிடும் என்று ஒரு புத்தி சொல்லவும் செய்தது.

புது டைனமோ உட்கார்ந்தது. குழாய்களை அதனதன் இடத்தில் மாட்டினான். ஸ்டார்ட் பண்ணி, முகப்பு விளக்கைப் போட்டான். எரிந்தது. வாய் தானாக "ஆச்சு, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டது.

பாயே ஏறி ஒரு ரவுண்டு போனார். கரைச் சரிவு வரைக்கும் போய்த் திரும்பிவந்து, இன்ஜினை அணைக்காமலே இறங்கினார். முகம் நிறையச் சிரிப்பு.

"தொட்டா நிக்குது கிருபா. வெறும் டைனமோ மாத்துனதோட சரி, பிரேக்குல ஒருத்தனும் கை வெக்கல. அந்த வரதன் கட்டி கட்டின்னு எப்டி அடிச்சு வுட்டான் பாரு. பொய்க்காரப் பய."

கிருபாகரன் எதிர்பார்க்காதது இது. சரியான சாமானைத் தேடிப் போட்டால் தப்பு பாதி கழிந்துவிடும் என்று நினைத்திருந்தான். போட்ட பிறகுதான் வரதன் முழுப் பொய்யனாகிவிட்டான். இப்போது வாயை மூடிக்கொண்டு பைக்கை எடுத்தால், அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் விடிவு கிடையாது. சட்டைப்பையில் கைவிட்டு இரண்டு போல்ட்டையும் எடுத்துப் பானெட்டின்மேல் வைத்தான்.

"அவன் பொய் சொல்லல பாய். இது ரெண்டும் நான் சொருவனது. பிரேக்குக்கு போற காத்த நான்தான் அடைச்சேன். போன தடவ போட்ட டைனமோல பம்ப் இல்ல. தெரிஞ்சேதான் போட்டேன்."

பாய்க்கு உடனே பிடிபடவில்லை. டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"பிரேக்கு கட்டியா கீதுன்னு அவன் போன்ல கேட்டான். செட்டாயிடும், எடுன்னு சொன்னேன். எவ்ளோ கட்டியா இருக்கும்னு எனக்குத் தெரியாது பாய். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

"கொழறுனான்னியே" என்றார் பாய் மெதுவாக.

"கொழறல. தெளிவா பேசினான். எனக்கு பயமா இருந்துச்சு, சொல்லிட்டேன்."

திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று கிருபாகரன் நின்றான். பாய் இரண்டு போல்ட்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. ஏறுங்க" என்றார். இத்தனை வருஷமாக 'வா, போ' என்றவர். அந்த 'ங்க' கிருபாகரனைச் செருப்பால் அடித்தது. பாய் வரதன் வீட்டுக்கு வண்டியை விட்டார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்தார், வண்டி சொன்னபடி நின்றது.

வரதன் வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. கட்டிலில் மாவுக்கட்டுக் காலை நீட்டி, சுவரில் சாய்ந்திருந்தான். பாய் உள்ளே வரவில்லை, ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். கிருபாகரன் தரையில் உட்கார்ந்து, அங்கே சொன்னதையே மறுபடி சொன்னான். இங்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. மன்னிச்சிடு என்கிற வார்த்தை அந்த மாவுக்கட்டுக்கு முன்னால் ரொம்பச் சின்னதாகத் தெரிந்ததால் அதைச் சொல்லவில்லை.

வரதன் கட்டிலின் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்தான்.

"நானே நம்பிட்டேன் அண்ணாத்த" என்றான். நாக்கு தடித்துப் பேச்சு இழுத்தது. "எல்லாரும் சொல்றாங்களே, ஒருவேள குடிச்சிருப்பனோ, நமக்குத்தான் ஞாபகம் இல்லியோன்னு. ராத்திரி முச்சூடும் யோசிப்பேன். அவ வேற போன எடுக்கல. முந்தாநேத்து ஒருத்தன்கிட்ட சொல்லி வாங்கியாரச் சொன்னேன். குடிச்சேன்னு பேரு வந்துடுச்சு, குடிச்சாதான் இன்னா. எட்டு மாசம்." கட்டிலுக்கு அடியில் பாட்டில் இருந்தது. அறை முழுக்க அந்த வாடை.

முந்தாநாள் கிருபாகரன் புதுப்பேட்டையில், காது ஒரு விரற்கடை குட்டை என்று சொல்லி, டைனமோவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று வரதன் ஒரு நம்பரைச் சொன்னான். "அவகிட்ட சொல்லு. நான் பண்ணா எடுக்க மாட்டா. நீ பண்ணு."

கிருபாகரன் தன் போனில் அழுத்தினான். மூன்றாவது மணியில் அன்பரசி எடுத்தாள். யார் என்று சொல்லி, செய்ததைச் சொன்னான். குழாயை, காலைப் போனை, பாயிடம் சொன்ன பொய்யை, ஒன்றையும் விடவில்லை.   

"அவரு பக்கத்துல கீறாரா?" என்றாள்.

"கீறாரும்மா."

"இப்ப பேச்சு எப்டி கீது?"

பாய் கேட்ட அதே கேள்வி. கிருபாகரன் வரதனைப் பார்த்தான். வரதன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொழறுதும்மா" என்றான் கிருபாகரன். "முந்தாநேத்துலேர்ந்து. அதுக்கு முன்னாடி ஒரு சொட்டுகூட இல்ல. இதுவும் நான் பண்ணதுதான்."

வரதன் தலையைக் குனிந்துகொண்டான். 

"போன அவருகிட்ட குடுங்க" என்றாள் அன்பரசி.

கொடுத்துவிட்டு வெளியே வந்தான். பாய் அவன் பக்கம் திரும்பவில்லை. ஜீப் ஓடிக்கொண்டே நின்றது. காலையில் சோதித்துப் பார்க்கப் போட்ட முகப்பு விளக்கை இரண்டு பேருமே அணைக்க மறந்திருந்தார்கள். அந்த வெயிலிலும் துளி மங்காமல் எரிந்துகொண்டிருந்தது. யாராவது அதை அணைத்தால் தேவலை என்று இருந்தது கிருபாகரனுக்கு.